அண்ணிக்கு வந்த இடம்

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நான்காம் நாள், தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில் அண்ணி ஒரு குடத்தை நகர்த்தி வைத்தாள். ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு கிளம்பியது அன்றைக்குத்தான்.

எங்கள் குப்பம் லைட்ஹவுஸ் பக்கம். முன்னால் கடல், பின்னால் பழவேற்காடு ஏரி. சுற்றிலும் தண்ணீர்தான் என்றாலும் குடிப்பதற்கு லாரியைத்தான் நம்ப வேண்டும். லாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடங்கள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். ஊர்த் தலைவரின் மனைவி அன்றும் வழக்கம்போல் கடைசியில் வந்தார். வழக்கம்போல் முதல் குடத்துக்கு முன்னால் தன் குடத்தை வைத்தார். நாங்கள் எல்லாரும் வழக்கம்போல் வேறு எங்கோ பார்த்தோம். தாலிக் கயிற்றில் மஞ்சள் கூடக் காயாத புதுப்பெண் போய் அந்தக் குடத்தைத் தூக்கினாள். வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோய் அலுங்காமல் வைத்தாள்.

"அக்கா, ஒங்க குடம் அங்க கீது."

சண்டைக் குரல் இல்லை. பஸ்ஸில் யாரோ மறந்து வைத்துவிட்ட பையை எடுத்துக் கொடுப்பவள் மாதிரிதான் சொன்னாள். எனக்குத்தான் காலடி மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. இவளை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அம்மா இரண்டு நாள் புலம்பினாள். அடுத்த முறை லாரி வந்தபோது வேறொரு அக்கா, புதுப்பெண்தானே என்று, "நீ முன்னால புடிச்சிக்கோம்மா" என்றார். அண்ணி நகரவில்லை. "எனக்கு முன்னால ஆறு குடம் கீதுக்கா" என்று சொல்லிவிட்டு வெயிலிலேயே நின்றாள். இது திமிரா நல்ல குணமா என்று ஊருக்கு விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை.

அடுத்து மீன் தலைக்கு வந்தாள். எங்கள் வீட்டுக் குழம்பில் தலை எப்போதும் அண்ணனுக்குத்தான். கடலுக்குப் போகிறவன் தின்னட்டும் என்பது அம்மாவின் சட்டம். ஒருநாள் கொடுவா மீன் குழம்பு. எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அண்ணி, "அத்தை, போன வாட்டி அவரு, அதுக்கு மின்ன வாட்டியும் அவரு. இன்னைக்கு நானு, அடுத்தது பாப்பா, அப்பால நீங்க" என்றாள். பாப்பா என்றது என்னை. அண்ணன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நைனா மட்டும் சிரித்து சிரித்துப் புரை ஏறிப்போனார். "வீட்டுக்குள்ளயே பாடு வெச்சிட்டா பாரு" என்றார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

பாடு என்பது ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள். யார் வேண்டுமானாலும் எந்த நாள் வேண்டுமானாலும் போய் அங்கே வலை கட்டிவிட முடியாது. வீட்டின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை வைப்பார்கள். அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர். முறை விழுந்த வீட்டிலிருந்து அப்பன் போகலாம், பிள்ளை போகலாம், ஆள் இல்லையென்றால் மைத்துனன் போகலாம். அது வீட்டின் இஷ்டம், ஊர் கேட்காது. அந்த முறையை மீறினவனுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். நைனா அந்தக் கூட்டங்களிலேயே தலை நரைத்தவர். அதனால் அண்ணியை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "என் மருமவ ஆம்பளையா பொறந்திருந்தா ஊர்ப் பஞ்சாயத்தையே அவகிட்ட குடுத்திருக்கலாம்" என்று டீக்கடையில் பெருமை பேசினார். அந்தக் குணம் ஒருநாள் தனக்கு எதிரில் வந்து நிற்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

நான் பிளஸ் டூ படித்த வருஷம்தான் அது நடந்தது. சென்னையைத் தாண்டி, விடுதியோடு சேர்ந்த ஒரு நர்சிங் கல்லூரி. கடலோரத்துப் பெண்களுக்கென்று சில இலவச இடங்கள் ஒதுக்கி, பரீட்சைக்கு முன்னாலேயே முதல் சுற்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் பள்ளிக்கூட டீச்சர் சொன்னார். ஒரு ரேஷன் கார்டிலிருந்து எத்தனை பேர் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். இடம் ஒருவருக்குத்தான். அண்ணி பிளஸ் டூ முடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நல்ல மார்க். மேலே படிக்க வைக்காமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். "நீயும் போடும்மா, பாப்பாவுக்குத் தொணையா இருக்கும். ரெண்டு வலை போட்டா ஒண்ணுலயாவது விழும்" என்று நைனாவே சொன்னார். அண்ணி தலையாட்டினாள். அவளைத் துணைக்கு வந்தவளாகத்தான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல போன், அண்ணனுடையது. உப்புத் தண்ணீர் பட்டால் போய்விடும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் தொழிலுக்குப் போவான். பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி எங்களைப் பள்ளிக்கூடத்தில் மதியத்தோடு விட்டுவிடுவார்கள். மூன்றிலிருந்து நான்கு வரை எனக்கு, நான்கிலிருந்து ஐந்து வரை தனக்கு என்று அண்ணி பிரித்தாள். விண்ணப்பத்தை நிரப்பும்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் அவளுக்கு ஐந்து மணி ஆகிவிட்டது. அதற்கப்புறம் போன் அம்மாவுடைய சீரியலுக்கு. பாதி வாக்கியத்தோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் நான்கு மணிக்கு மீதியை எழுதினாள். நானாக இருந்தால் அம்மாவோடு ஒரு சண்டை போட்டிருப்பேன். போட்டுமிருக்கிறேன்.

நேர்காணலும் போனில்தான் நடந்தது. எனக்கு முடிந்து அவள் முறை வந்தபோது, நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டேன். "உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே, நீங்கள் விடுதிக்கு வந்துவிட்டால் வீட்டை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்கள். அண்ணி கொஞ்சமும் தயங்கவில்லை. "வீட்டுல நாலு பேர் கீறாங்க மேடம். முறை வெச்சுப் பாத்துப்பாங்க" என்றாள். அந்தப் பக்கம் யாரோ சிரித்தது கேட்டது. இவள் காரியம் கெட்டது என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். அந்த வெள்ளியன்று ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஒரு மணி நேரத்தில் பாதியை சிக்னல் தேடிக் கரைமேட்டில் அலைவதிலேயே செலவழித்தேன். மீதிப் பாதியில் அந்தக் கல்லூரி விடுதிப் படங்களைப் பார்த்து, எந்தக் கட்டில் எனக்கு என்று தேர்ந்தெடுத்தேன். அம்மா எல்லையம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள், என் பெயருக்கு மட்டும். அண்ணி இறால் ஆய்ந்தாள், வலையைப் பிரித்துப் போட்டாள், கருவாடு காயவைத்தாள். போனை அவள் மணியில் எடுத்து ஒரே ஒருமுறை பார்ப்பாள், வைத்துவிடுவாள். இவளுக்கென்ன, வந்தால் வந்தது வராவிட்டால் போனது என்றிருக்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் சீப்பு தேடப் போய் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே புடவைக்கு அடியில் புதுப் பூட்டு ஒன்று, சாவியோடு, கடைக் காகிதம் பிரிக்காமல் இருந்தது. பூட்டு வைத்துக்கொள்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் எதுவும் இல்லை. விடுதிக்குப் போகிறவளுக்குத்தான் பூட்டு வேண்டும். பெட்டியை மூடினேன். எனக்கு அவள்மேல் முதன்முதலாகப் பயம் வந்தது.

செய்தி என்னுடைய மணியில்தான் வந்தது. அண்ணியின் பெயருக்கு இடம் கிடைத்திருந்தது. என் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது, எத்தனையாவது என்று போடவில்லை. ஏழு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்றிருந்தது. எல்லாருக்கும் கேட்கும்படி நான்தான் வாசித்தேன்.

நைனா கையைத் தட்டி எழுந்தார். "வீட்டுக்குப் பாடு விழுந்துச்சு" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, ரொம்ப சாதாரணமாக, ரொம்பப் பிரியமாகச் சொன்னார்:

"அப்போ பாப்பா போவட்டும்மா. நீ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடு."

அவர்மேல் தப்பில்லை. ஒரு கார்டுக்கு ஓரிடம் என்பதை அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். முறை வீட்டுக்கு விழுந்தது, போவது யார் என்பது வீட்டின் இஷ்டம். வாழ்நாள் முழுக்க அவருக்குத் தெரிந்த ஒரே நியாயம் அது. அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "அவ சின்னப் பொண்ணு. ஒனக்குதான் எல்லாம் ஆயிடுச்சே" என்றாள். எல்லாம் என்றால் கல்யாணம்.

அண்ணி ஆய்ந்துகொண்டிருந்த இறாலை விட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

"மாமா, ஏரியில வீட்டுப் பேரு எழுதிச் சீட்டு போடறீங்க. இங்க என் பேரு எழுதிதான் வந்துக்கீது."

"பேருல இன்னாம்மா கீது. ஒரே வீடுதானே?"

"ஒரே வீடுதான் மாமா. படிக்கப் போற ஆளு நானு."

அவ்வளவுதான் பேசினாள். மறுநாள் நான்கு மணிக்குப் போனை எடுத்து, எங்கள் எல்லாருக்கும் எதிரில், சம்மதம் என்ற இடத்தை அழுத்தினாள். அழுத்திவிட்டு, "போட்டுட்டேன்" என்று தகவல் சொன்னாள். அண்ணன் அன்று திண்டாடிப்போனான். சாயங்காலம் முழுக்க வலைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "வாரா வாரம் வருவியா?" என்று மட்டும் கேட்டான். "மாசத்துக்கு ஒரு வாட்டி" என்றாள். "சரி" என்றான். அவன் மனதில் என்ன இருந்தது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. அது உங்களுடைய இடம் அண்ணி என்று சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய் எனக்கு வரவில்லை. நைனா ஜெயிக்கட்டும் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

நைனா விடவில்லை. ஐந்தாம் நாள் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினார். "இந்த வீட்டுக்கு வந்த முறையை மருமகள் விட்டுத் தர, மகள் எடுத்துக்கொள்கிறாள், இதற்கு ஊர் சம்மதம்" என்று ஒரு கடிதம் எழுதி, நான்கு பேர் கையெழுத்தும் ஊர் முத்திரையும் வாங்கினார். பொன்னேரிக்குப் பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரில் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வந்தார். ஊர் முத்திரைக்கு மேல் ஒன்று இருக்கும் என்று அவர் நம்பவில்லை. வந்ததும் அண்ணியிடமே சொன்னார், ஒளிக்கவில்லை. "ஊரே சொன்னதும்மா. மனசுல வெச்சிக்காத" என்றார். அண்ணி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நான் விட்டுத் தரல மாமா. தந்ததா எழுதிக்கீறீங்க" என்றாள். நைனா தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே போனார்.

ஏழாம் நாள். நான் பரீட்சைக்குப் படிக்க வீட்டிலிருந்தேன். அம்மாவும் நைனாவும் மீன் ஏலத்துக்குப் போயிருந்தார்கள். மூன்று பத்துக்குப் போன் அடித்தது. கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண். அண்ணியின் பெயரைச் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டார். வெளியே போயிருக்கிறார் என்றேன்.

"அவர் சம்மதம் கொடுத்திருக்கிறார். இடத்தை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதமும் வந்திருக்கிறது. எது சரி என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குள் கூப்பிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடிதத்தைத்தான் எடுத்துக்கொள்வோம்."

சரி என்று வைத்தேன். வாசலுக்கு வந்தேன். அண்ணி எதிரில்தான் இருந்தாள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், மணலில் விரித்திருந்த கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. இது என் மணி, அவளுடைய மணி நான்குக்குத்தான், அவள் போட்ட சட்டம்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நான்கு மணிக்குக் கொடுப்பேனா, ஐந்து தாண்டட்டும் என்று ஒளித்துவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே போனேன். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வாசலுக்கு வந்தேன். அவள் குனிந்தபடியே அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். அந்த ஐம்பது நிமிஷம் நான் இருந்த மாதிரி என் எதிரியும் இருக்க வேண்டாம்.

நான்கு மணிக்கு வந்து கை கழுவி, முந்தானையில் துடைத்து, கையை நீட்டினாள். எதிரில் நின்று அந்தக் கையைப் பார்த்தபிறகு என்னால் முடியவில்லை. போனைக் கொடுத்தேன். "காலேஜ்லேர்ந்து கூப்ட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள பேசணுமாம்" என்றேன். எப்போது கூப்பிட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை. அங்கேயே நின்று பேசினாள்.

"நான்தாங்க பேசறேன். அந்தக் கடுதாசி எங்க மாமா எழுதுனது. அவருக்குத் தெரிஞ்ச நியாயம் அது. எனக்கு வந்த இடத்துக்கு நான்தான் வருவேன்." என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கணும்ங்க. என் நாத்தனா பேரு எத்தினாவதா கீது?" பதிலைக் கேட்டுக்கொண்டாள். "சரிங்க" என்று வைத்தாள்.

"நாப்பத்தி மூணு" என்றாள் என்னிடம். "நான் வேணாம்னு எழுதிக் குடுத்தாலும் ஒனக்கு வராது பாப்பா. லிஸ்ட்டுல மொதல்ல கீறவங்களுக்குப் போவும். நம்ம வீட்டுக்கே இல்லாம பூடும்."

சாயங்காலம் அதையே நைனாவிடமும் சொன்னாள். குத்திக்காட்டவில்லை. நைனா, "அப்போ நான் எழுதுனது, நமக்கு விழுந்த பாடு மொறையத் தூக்கி எவனுக்கோ குடுத்த மாரிதானே?" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் டீக்கடையில் யாரோ, ஊர் முத்திரை போட்டும் மருமகள் கேட்கவில்லையாமே என்று வாயைக் கிளறியிருக்கிறார்கள். "அவ பேருக்கு வந்துச்சு, அவ போறா. ஒனக்கு இன்னா பேஜாரு?" என்று அவர் எழுந்து வந்துவிட்டார்.

எனக்கு எந்தச் சுற்றிலும் அங்கே இடம் வரவில்லை. பொன்னேரியிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்தேன், பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து படித்தேன். இப்போது மீஞ்சூரில் வேலை. குறை ஒன்றும் இல்லை. அண்ணி படித்து முடித்து, தெற்கே கடலோரம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். அண்ணனும் அங்கேயே போட்டில் மீன் பிடிக்கப் போகிறான். அவளுடைய வார்டில் வரிசைச் சீட்டைத் தாண்டி உள்ளே போக நினைப்பவர்களின் கதி என்ன ஆகும் என்று நினைத்து நான் சிரித்துக்கொள்வதுண்டு.

அவள் கிளம்பிய காலையில் பழவேற்காடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லாரும் போனோம். ஆட்டோவில் போட்டிருக்கலாம். நைனா கேட்கவில்லை, ஏரிப் பாலம் தாண்டி அவ்வளவு தூரமும் அந்தத் தகரப் பெட்டியைத் தன் தோளிலேயே சுமந்து வந்தார். அண்ணன் டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றப் போனான். அம்மா கருவாட்டுப் பொட்டலத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். நானும் அண்ணியும் கொஞ்சம் தள்ளி நின்றோம். அப்போதுதான் சொன்னேன்.

"அண்ணி, அன்னைக்கு அந்த போன் மூணு பத்துக்கே வந்துச்சு."

"தெரியும். போன்லயே நேரம் போட்டுக்கீதே."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"அப்பவே தெரியும் பாப்பா. தொறந்த கதவு வழியா நீ காதுல வெச்சுப் பேசுனதையும் பாத்தேன், வாசலுக்கு வந்து வந்து போனதையும் பாத்தேன். ஏழாவது நாளு வேற. காலேஜ் போன்தான்னு தெரிஞ்சிபோச்சு. கருவாட்டைப் பொரட்டுனதையே பொரட்டிக்கினு இருந்தேன்."

அம்மாவுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அப்படியே ஓடியாந்து புடுங்கியிருக்கலாம் இல்ல?"

அண்ணி என்னைப் பார்த்தாள், கேட்கவே வேண்டாத ஒன்றைக் கேட்டுவிட்டவளைப் பார்ப்பது மாதிரி.

"நாலு வரைக்கும் ஒன் நேரமாச்சே" என்றாள்.

பொன்னேரி பஸ் வந்துவிட்டது. நைனா பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் விம்மி விம்மி அழுதேன். அண்ணி பிரிந்து போகிறாளே என்று அழுவதாக நைனா நினைத்துக்கொண்டார்.

"மாசம் ஒரு வாட்டி வந்துடுவா, அழாத" என்றார்.